டேங்க் ஃபுல் பண்ணியாச்சு, பாலிசியைப் பார்த்தாச்சா?



செமஸ்டர் முடியுற வாரம் வந்தாலே எல்லா கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரே பேச்சுதான். மூணாறா, வயநாடா, கூர்க்கா? யார் கார்? எத்தனை பேர்? ஆளுக்கு எவ்வளவு? பெட்ரோல், டோல், ரூம், சாப்பாடுன்னு எக்செல் ஷீட் போடுற அளவுக்கு நம்ம பசங்க விவரமானவங்க. அந்த ஷீட்ல ஒரு வரி மட்டும் எப்பவும் இருக்காது: இன்சூரன்ஸ்.

"கார்ல இன்சூரன்ஸ் இருக்குல்ல மச்சான்?" "இருக்குடா." அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. என்ன இன்சூரன்ஸ், யாருக்கு, எதுக்குன்னு அடுத்த கேள்வி வராது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ட்ரிப்புக்குக் கார் தேடும்போது வாடகை எங்க கம்மின்னு பார்க்குறோம். அதுக்கு முன்னாடி அந்தக் காரோட பாலிசி, உள்ள உட்காரப் போற அஞ்சு பேருக்கும் பொருந்துமான்னு பார்க்கணும். பொருந்தலைன்னா அந்தக் கார் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேண்டாம். கொஞ்சம் கறாரா தெரியலாம். ஏன் இப்படிச் சொல்றேன்னு படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

எல்லை தாண்டினா பாலிசி மாறுமா?

முதல்ல ஒரு பயத்தைத் தீர்த்துடுவோம். வாளையாறு தாண்டினாலும், குமுளி ஏறினாலும், ஓசூர் வழியா அத்திப்பள்ளி போனாலும் உங்க கார் பாலிசி அப்படியே செல்லும். இந்தியாவில் எடுத்த மோட்டார் பாலிசி இந்தியா முழுக்கச் செல்லுபடியாகும். கேரளாவுக்குத் தனி, கர்நாடகாவுக்குத் தனின்னு எதுவும் கிடையாது. மாநிலம் மாறும்போது தனியா பெர்மிட், வரி கட்ட வேண்டிய தொல்லையெல்லாம் டாக்ஸி வண்டிகளுக்குத்தான். நம்ம வீட்டுக் காருக்கு அது இல்லை.

அதனால "எல்லை தாண்டப் போறோம், மலிவா ஒரு இன்சூரன்ஸ் எடுக்கணும்"னு கடைசி நேரத்துல ஓட வேண்டாம். ஏற்கனவே இருக்குற பாலிசியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

ஆனா ஒண்ணு. இன்சூரன்ஸே இல்லாத வண்டியை ரோட்டுக்கு எடுக்கவே கூடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயம் ஆக்கியிருக்கு. இல்லாம ஓட்டினா 196-ஆம் பிரிவின்படி முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூணு மாசம் வரை சிறை, இல்லை ரெண்டும். இதுக்கு ஆகுற செலவு எவ்வளவு தெரியுமா? 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசிக்கு மேல 1,500 சிசி வரை உள்ள தனியார் காருக்கு வருஷத்துக்கு 3,416 ரூபாய். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா ஏறக்குறைய 4,031 ரூபாய். நாளைக்கு 11 ரூபாய். நம்ம கேன்டீன் டீ கணக்குதான்.

'தேர்ட் பார்ட்டி'யில் நீங்க யாரு?

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பகுதியை மட்டும் ஞாபகம் வெச்சுக்குவீங்கன்னா, இதை வெச்சுக்கோங்க.

பழைய கார் வெச்சிருக்கிற நிறைய பேர் வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும்தான் போடுவாங்க. பழைய வண்டிக்கு எதுக்கு ஃபுல் இன்சூரன்ஸ்னு நினைப்பாங்க. அவங்க தினமும் ஆபீஸ் போய் வர்றதுக்கு அது சரியா இருக்கலாம். அந்தக் காரில் நாம அஞ்சு பேர் ஏறி மலைக்குப் போறப்போதான் சிக்கல்.

தேர்ட் பார்ட்டி பாலிசி முக்கியமா யாருக்கு? நம்ம கார் மோதி அடிபடுற வெளியாளுக்கு. நடந்து போறவர், பைக்ல வர்றவர், எதிர்ல வர்ற காரில் இருக்கிறவர், இவங்களுக்கு. நம்ம கார் நசுங்கினா அதுல ஒரு பைசா கிடைக்காது. இது பலருக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாதது இது: தனியார் காரில் காசு கொடுக்காம சும்மா கூடப் போற நண்பர்கள், அந்த வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் வர மாட்டாங்க. சட்டப்படி குறைந்தபட்சமா எடுக்கிற பாலிசி காருக்குள் இருப்பவர்களைக் காக்காது, பேக்கேஜ் பாலிசி காக்கும்னு 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. அதுக்கு முன்னாடி 2009-லயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், பேக்கேஜ் பாலிசியில் காரில் பயணம் செய்பவர்களுக்கான பொறுப்பும் அடங்கும்னு நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கு.

யோசிச்சுப் பாருங்க. பின் சீட்டில் தூங்கிட்டு வர்ற நண்பனுக்கு நம்ம டிரைவர் தப்பால் முதுகுத்தண்டில் அடி. பாலிசி வெறும் தேர்ட் பார்ட்டி. அந்தக் குடும்பம் இழப்பீடு கேட்டா இன்சூரன்ஸ் நிறுவனம் "எங்க பொறுப்பு இல்லை"ன்னு நிற்கும். அப்புறம் யார் கொடுக்கணும்? கார் ஓட்டினவனும் கார் ஓனரும். அதாவது உங்க இன்னொரு நண்பனும் அவன் அப்பாவும். ஒரு விபத்தில் ரெண்டு குடும்பம் உடையும், நட்பும் போகும்.

அதனால ட்ரிப் காருக்கு முதல் நிபந்தனை: பாலிசி பி.டி.எஃப்-ஐ கேட்டு வாங்குங்க. மேல 'பேக்கேஜ்' இல்லை 'காம்ப்ரிஹென்சிவ்'னு இருக்கணும். 'லயபிலிட்டி ஒன்லி'ன்னு இருந்தா அந்தக் காரை விட்டுடுங்க. எம்-பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டா இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைன்னு தெரியும். எந்த வகைன்னு தெரிய பாலிசியைத்தான் பார்க்கணும்.

புதுக் கார்னா இன்னொரு பொறி இருக்கு. 2018 செப்டம்பர் முதல் புதுக் கார் வாங்கும்போது தேர்ட் பார்ட்டி மூணு வருஷத்துக்குச் சேர்த்து எடுக்கணும். வண்டிக்கான சேத காப்பீடு பெரும்பாலும் ஒரு வருஷம்தான். முதல் வருஷம் முடிஞ்சதும் சேத காப்பீட்டைப் புதுப்பிக்க மறந்துட்டு, "மூணு வருஷம் போட்டிருக்கோமே"ன்னு நம்பிக்கையா இருக்கிற அப்பாக்கள் உண்டு. பாலிசியில ரெண்டு தேதி இருக்கும். ரெண்டையும் பாருங்க.

ஓன் போர்டு வாடகைக் கார்: வேண்டவே வேண்டாம்

யார் வீட்டுலயும் கார் கிடைக்கலைன்னா அடுத்து என்ன பண்ணுவோம்? சீனியர் ஒருத்தர் நம்பர் கொடுப்பார். "அண்ணன்கிட்ட ஸ்விஃப்ட் இருக்கு, ரெண்டு நாளைக்கு விடுவாரு. ஓன் போர்டுதான், ஆனா கண்டிஷன் செமயா இருக்கும்." வாடகையும் கம்மி. எல்லாரும் குஷி.

போர்டு நிறம்தான் இங்க முக்கியம். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துன்னா சொந்த உபயோகக் கார். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துன்னா டிரைவரோட வர்ற டாக்ஸி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துன்னா நாமே ஓட்ட முறையா வாடகைக்கு விடுற கார்.

வெள்ளைப் போர்டு காரோட பாலிசியை எடுத்து 'லிமிடேஷன்ஸ் அஸ் டு யூஸ்'னு இருக்கிற பத்தியைப் படிங்க. வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தினா இந்தப் பாலிசி பொருந்தாதுன்னு அச்சடிச்சே இருக்கும். ரேஸ் ஓட்டினாலும் பொருந்தாது. நண்பர்கள் பெட்ரோல் காசைப் பங்கு போடுறது வேற. காருக்கு வாடகை கொடுக்கிறது வேற.

அந்த அண்ணனுக்கும் இது தெரியும். அதனாலதான் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிடுவாரு: "தம்பி, வழியில யாராவது கேட்டா ஃப்ரெண்டு காருன்னு சொல்லிடுங்க." இந்த ஒரு வரியைக் கேட்டதும் நாம எழுந்து வந்துடணும். ஏன்னா இங்கதான் அந்த மலிவுக்கு விலை எழுதப்பட்டிருக்கு. செக்போஸ்ட்ல சொல்ற பொய் சின்னது. அதே பொய்யை விபத்துக்கு அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்லயும், சர்வேயர் முன்னாடியும், தீர்ப்பாயத்துலயும் நீங்க சொல்ல வேண்டி வரும். உங்க ஜி-பே-யில் 'கார் ரெண்ட்'னு போட்டு அனுப்பின காசு அங்க சாட்சியா இருக்கும்.

உண்மை தெரிஞ்சா வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் நிற்காது. அடிபட்ட வெளியாளுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கொடுத்துட்டு, அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கன்னு தீர்ப்பாயங்கள் உத்தரவு போடுறது உண்டு. அப்போ அந்த அண்ணன் சும்மா இருப்பாரா? வண்டி ஓட்டினவன் வீட்டு வாசல்ல வந்து நிற்பாரு. அவரு மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. இ.எம்.ஐ. கட்ட வழி தேடுறாரு. ஆனா அவர் இ.எம்.ஐ-க்காக நம்ம அஞ்சு வீட்டையும் அடமானம் வெக்க முடியாது.

கறுப்புப் போர்டு கார் எடுத்தா வாடகை கூடும்தான். ரெண்டு நாளைக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூடுதுன்னே வெச்சுக்குவோம். அஞ்சு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 300 ரூபாய்க்குள்ளதான். அதுவும் முடியலையா? பஸ்ல போங்க. தேனியிலிருந்து போடிமெட்டு வழியா மூணாறுக்கு ஜன்னல் சீட்ல உட்கார்ந்து போற சுகமே தனி. டிரைவிங் டென்ஷனும் இல்லை.

ஆப் மூலமா எடுத்தாலும் போர்டு நிறத்தைப் பாருங்க. அவங்க விக்கிற 'புரொடெக்ஷன் பிளான்' எல்லாம் இன்சூரன்ஸ்னு நினைச்சுடாதீங்க. அது பெரும்பாலும், சேதம் ஆனா உங்ககிட்ட இவ்வளவுதான் வாங்குவோம்னு நிறுவனம் போடுற ஒப்பந்தம். புக்கிங்ல பேர் இல்லாதவன் ஓட்டினா அது செல்லாதுன்னு நிபந்தனை இருக்கலாம். எவ்வளவு வரை நம்ம கையிலிருந்து போகும், யார் யார் ஓட்டலாம், மாநிலம் தாண்ட அனுமதி உண்டா, இந்த மூணையும் படிச்சுட்டு 'ஓகே' அழுத்துங்க.

யார் ஸ்டீயரிங்கைப் பிடிக்கலாம்?

பாலிசியில் இன்னொரு பத்தி, ஓட்டுநர் பற்றியது. விபத்து நேரத்தில் ஓட்டினவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கணும். பைக் லைசென்ஸ் மட்டும் வெச்சிருக்கிற நண்பன் "காலி ரோடுதானே, ஒரு அஞ்சு கிலோமீட்டர் கொடுடா"ன்னு கேட்பான். கொடுக்காதீங்க. எல்.எல்.ஆர். வெச்சிருக்கிறவனுக்கும் அதேதான். பக்கத்துல சொல்லிக்கொடுக்குறவர், எல் போர்டுன்னு விதிமுறை எல்லாம் உண்டு. ட்ரிப்புல அதெல்லாம் யாரு பார்க்குறா? குடிச்சிட்டு ஓட்டினா என்ன ஆகும்னு நான் சொல்லவே வேண்டாம். கிளெய்மும் போகும், வாழ்க்கையும் போகும்.

இதுல ரொம்பப் பாவம் யாருன்னா, அடுத்தவர் காரை ஓட்டுற நண்பன்தான். கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம்னு பாலிசியில் இருக்கே, அது லைசென்ஸ் வெச்சிருக்கிற ஓனருக்கு மட்டும். ஓனர் வீட்டுல டிவி பார்த்துட்டு இருப்பாரு. ராத்திரி முழுக்கக் கண் முழிச்சு நம்மளை ஓட்டிட்டுப் போறவனுக்கு அதுல எதுவும் இல்லை.

சரி, மாணவன் பட்ஜெட்டில் இதுக்கு என்ன வழி? முதல் வழிக்கு 20 ரூபாய்தான் ஆகும். பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா திட்டத்தில் 18 வயசு முதல் 70 வயசு வரை, பேங்க் கணக்கு இருக்கிற யாரும் சேரலாம். வருஷத்துக்கு 20 ரூபாய் கணக்கிலிருந்து பிடிப்பாங்க. விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை கணக்கு. பெரிய தொகை இல்லைதான். ஆனா ட்ரிப் போற அஞ்சு பேரும் இதுல இருக்கணும்.

ரெண்டாவது, பாலிசியைப் புதுப்பிக்கும்போது பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டைச் சேர்க்கச் சொல்லுங்க. பேர் குறிப்பிடாத பயணிக்கு ஆளுக்கு ஒரு லட்சத்துக்கு வழக்கமா 50 ரூபாய் கணக்கு. அஞ்சு பேருக்கு 250 ரூபாய். ஒரு வருஷம் முழுக்க வரும். ஓட்டுற நண்பன் அதுல வருவானான்னு ஏஜென்ட்கிட்ட எழுத்தில் கேட்டு வாங்குங்க.

எந்த ஆட்-ஆன் நம்ம காசுக்கு வொர்த்?

மழைக்காலத்துல கேரளா போறவங்களுக்கு, 'என்ஜின் புரொடெக்ட்' கண்டிப்பா யோசிக்க வேண்டிய ஒண்ணு. காரணம் மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொல்லாமலே புரியும். தண்ணி தேங்கின ரோட்டில் இன்டேக் வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி புகுந்தா, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல பிஸ்டன் மேல வரும். காற்று சுருங்கும், தண்ணி சுருங்காது. கனெக்டிங் ராட் வளையும். தண்ணிக்குள்ள வண்டி நின்னதுக்கு அப்புறம் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி இதை நாமே பண்ணிக்குவோம். சாதாரணப் பேக்கேஜ் பாலிசியில் இது பின்விளைவுச் சேதம்னு சொல்லி மறுப்பாங்க. அதனால ஆட்-ஆன் இருந்தாலும் இல்லாட்டியும், தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, தள்ளுங்க.

ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சில நூறு ரூபாய்தான். ஊர் பேர் தெரியாத மலைப் பாதையில் பஞ்சர் ஆகி நிற்கும்போது அதோட அருமை தெரியும். எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமா இழுத்துட்டுப் போவாங்கன்னு மட்டும் பாருங்க. ஜீரோ டெப் எனும் 'பம்பர் டு பம்பர்' புது வண்டிக்கு நல்லது. அது இல்லைன்னா பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிக் காசுதான் வரும். சாவி தொலைஞ்சா காசுங்கிற மாதிரி ஆட்-ஆன்களைத் தைரியமா விட்டுடலாம்.

சின்ன கீறலுக்கு எல்லாம் கிளெய்ம் போடாதீங்க. கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு 20 சதவீதத்தில் ஆரம்பிச்சு 50 சதவீதம் வரை சேத பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. ஒரு 3,000 ரூபாய் பம்பருக்காக நண்பனோட அப்பா பல வருஷமா சேர்த்த போனஸைக் காலி பண்ணிடுவோம். அஞ்சு பேரும் ஆளுக்கு 600 போட்டுச் சரி பண்ணிக் கொடுக்கிறது மரியாதை.

நிஜமாவே நாட்டு எல்லை தாண்டினா?

ஃபைனல் இயர்ல நேபாளம், பூட்டான் வரை கார்ல போகணும்னு கனவு காணுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க உங்க இந்தியப் பாலிசி தானா செல்லாது. நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகளுக்குப் பாலிசியின் நிலப்பரப்பை நீட்டிக்க தனி இணைப்பு உண்டு. கிளம்புறதுக்கு முன்னாடியே நிறுவனத்துக்கு எழுதி, கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கணும். மத்த செலவோட ஒப்பிட்டா அந்தத் தொகை சின்னதுதான். இதைத் தவிர எல்லையில் அந்த நாட்டு வாகன அனுமதி தனியா எடுக்கணும். இலங்கை பட்டியலில் இருக்கேன்னு ஆசைப்படாதீங்க. நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பல் ஆளுங்களைத்தான் ஏத்தும், காரை ஏத்தாது.

அசம்பாவிதம் நடந்தா

நடக்கக் கூடாது. நடந்தா, சட்டத்தின் 134-ஆம் பிரிவு மூணு வேலை சொல்லுது: அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லணும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்கணும். "வெளி மாநிலம், மொழி தெரியாது, ஓடிடலாம்"னு ஒரு குரல் காரிலேயே கேட்கும். அதைக் கேட்காதீங்க.

வெளி மாநிலத்தில் விபத்து நடந்ததால் இழப்பீட்டு வழக்குக்கு அங்கேயே அலையணும்னு இல்லை. 166-ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவர் வசிக்கிற ஊர்த் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். இடுக்கியில் நடந்ததுக்கு மதுரையில் கேட்கலாம். 2019 திருத்தப்படி ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

"எப்படியும் இன்சூரன்ஸ்காரன் காசு கொடுக்க மாட்டான், எதுக்கு இவ்வளவு?"ன்னு ஒரு நண்பன் கேட்பான். நியாயமான கோபம்தான், இழுத்தடிக்கிறது நடக்குது. ஆனா அவங்க மறுக்கிறதுக்குக் காட்டுற காரணங்களைப் பாருங்க: வாடகைக்கு விட்ட வண்டி, லைசென்ஸ் இல்லாத டிரைவர், தேதி முடிஞ்ச பாலிசி. அந்தக் காரணங்களை அவங்க கையில நாமே ஏன் கொடுக்கணும்?

அடுத்த ட்ரிப் குரூப் ஆரம்பிக்கும்போது ரூம் போட்டோவுக்கு முன்னாடி நாலு ஃபைலை அதுல பின் பண்ணி வைங்க. ஆர்.சி., பேக்கேஜ் பாலிசி, ஓட்டப் போற ரெண்டு பேரோட லைசென்ஸ். டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். நாலும் வந்த பிறகு அட்வான்ஸ் அனுப்புங்க. யாராவது "ஓவரா பண்றடா"ன்னு சொன்னா சொல்லட்டும். பின் சீட்டில் தூங்கப் போறவனே அவன்தான்.

ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பந்திப்பூர் காட்டு ரோட்டை மூடிடுவாங்க, அதுக்கேத்த மாதிரி கிளம்புங்க. பத்திரமா போயிட்டு வாங்க!